வயலில் அடித்த எண்ணெய் மண்ணுக்குள் என்னவாகிறது?

மட்டக்களப்பின் வெல்லாவெளிப் பக்கத்தில் வயல் செய்யும் தம்பி ஒருவர் மூன்று கேள்விகளை அனுப்பியிருக்கிறார். வருடக்கணக்கில் எண்ணெய் (வயல் மருந்து) அடித்ததில் வயல் மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் அழிந்துபோயிருக்குமா என்பது முதலாவது. மருந்து எதுவானாலும் பற்றீரியா அதைத் தின்று தீர்த்துவிடும், கவலைப்பட வேண்டாம் என்று கடைக்காரர் ஒருவர் சொன்னதை நம்பலாமா என்பது இரண்டாவது. தகப்பனார் காலத்தில் ஒரு தடவை எறிந்தால் ஒரு மாதம்வரை புழுவைத் தடுத்து நின்ற காபோபியுரான் குறுணல், பிற்காலத்தில் பத்து நாள்கூடத் தாங்காமற் போனதற்குக் காரணம் மருந்தில் கலப்படமா, மண்ணில் கோளாறா என்பது மூன்றாவது. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் மருந்து என்றாலே எண்ணெய்தான். அது களைநாசினியா, பூச்சிநாசினியா, பங்கசுநாசினியா என்று பிரித்துப் பேசும் வழக்கம் வயலுக்குள் குறைவு. இந்தப் பதிலுக்கு அந்தப் பிரிப்புத் தேவைப்படுகிறது, ஏனென்றால் மண்ணிலுள்ள பற்றீரியாவுக்கு இம்மூன்றும் வெவ்வேறு சங்கதிகள்.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். வளமான மண் ஒரு கிராமில் பத்துக் கோடியிலிருந்து நூறு கோடி வரையான பற்றீரியாக்கள் இருக்கும். ஒரு ஹெக்டயர் வயலின் மேல் 15 சென்ரிமீற்றர் மண் ஏறக்குறைய 2,000 தொன் நிறையுடையது. அந்த ஹெக்டயருக்கு ஒரு கிலோ களைநாசினி அடித்து, அது முழுவதும் அவ்வளவு மண்ணிலும் சீராகக் கலந்துவிட்டதாக வைத்துக்கொண்டால், ஒரு கிலோ மண்ணுக்கு அரை மில்லிகிராம் என்ற கணக்குத்தான் வரும். ஆனால் அடித்த மருந்து உடனே 15 சென்ரிமீற்றருக்கு இறங்குவதில்லை. முதல் சில நாட்களுக்கு மேல் ஒரு சென்ரிமீற்றருக்குள்ளேயே தங்குவதால், அங்கே அதன் செறிவு பதினைந்து மடங்காகிறது. வேலை செய்யும் பற்றீரியாக்கள் நெருக்கமாகக் குடியிருப்பதும் மேற்படையில்தான். ஆகவே "இவ்வளவு மண்ணில் அந்தச் சொட்டு என்ன செய்யும்" என்பதும் சரியில்லை, "எல்லாம் செத்துவிட்டது" என்பதும் சரியில்லை. சிபாரிசு செய்யப்பட்ட அளவில் அடிக்கப்படும் மருந்துகளிற் பெரும்பாலானவை மண்ணிலுள்ள மொத்தப் பற்றீரியாத் தொகையைச் சில வாரங்களுக்குக் குலைக்கும், அதன் பிறகு தொகை மீண்டுவிடும். மீளும்போது யார் யார் மீண்டார்கள் என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

பூச்சிநாசினிகளில் ஓகனோபொசுபேற்று, காபமேற்று வகைகள் பூச்சியின் நரம்பிலுள்ள ஒரு நொதியத்தை முடக்கிக் கொல்கின்றன. பற்றீரியாவுக்கு நரம்பு இல்லை. எனவே குளோரோபைரிபொசோ காபோபியுரானோ வயலில் விழும்போது பற்றீரியாவுக்கு அது நேரடியான கொலைகாரன் அன்று. களைநாசினியின் கதை வேறு. தாவரத்தை உயிரோடு வைத்திருக்கும் சில நொதியங்கள் பற்றீரியாவிலும் அப்படியே இருக்கின்றன, அந்த நொதியங்களைக் குறிவைத்த மருந்து இரண்டையும் தொடுகிறது. கிளைபொசேற்று முடக்குவது, சில அமினோ அமிலங்களை ஆக்கும் சிக்கிமேற்றுப் பாதையிலுள்ள ஒரு நொதியத்தை; அந்தப் பாதை நெல்லிலும் உண்டு, பற்றீரியாவிலும் உண்டு, மனிதனில் இல்லை. இன்று நெல் வயலில் பரவலாகப் பாவிக்கப்படும் பிஸ்பைரிபாக் சோடியமும் அமினோ அமிலம் ஆக்கும் வேறொரு நொதியத்தையே பிடிக்கிறது. அந்த நொதியத்தைத் தாக்கும் களைநாசினிகள் எப்படி வேலை செய்கின்றன என்ற இரகசியமே, 1984 இல், களையை வைத்தன்று, சல்மொனெல்லா என்ற பற்றீரியாவை வைத்துத்தான் முதலில் அவிழ்க்கப்பட்டது. இந்த ஒரு செய்தி போதும், களைநாசினிக்கும் பற்றீரியாவுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்பவரை நிறுத்தி வைக்க. ஆனாலும் எல்லாப் பற்றீரியாவும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. கிளைபொசேற்று உற்பத்திசெய்யும் ஆலை ஒன்றின் கழிவிலேயே சுகமாக வாழ்ந்த ஒரு பற்றீரியாவிடமிருந்து எடுத்த பரம்பரையலகைத்தான், கிளைபொசேற்றுக்குச் சாகாத சோயாவை உருவாக்கப் பயன்படுத்தினார்கள்; அந்தச் சோயா 1996 இல் அமெரிக்காவில் சந்தைக்கு வந்தது.

நெல் வயலில் கூடுதலாக அடிபடக்கூடியவர்களில் ஒரு கூட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வயல் நீரின் மேல் வழுவழுப்பாகப் படரும் நீலப்பச்சை அல்கா உண்மையில் ஒளித்தொகுப்புச் செய்யும் பற்றீரியா, அதாவது சயனோபற்றீரியா. காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து வயலுக்குக் கொடுக்கும் வகைகள் அதற்குள் இருக்கின்றன. தாவரத்தின் ஒளித்தொகுப்பை நிறுத்திக் கொல்லும் புரோபனில், டையுரோன் போன்றவை, அதே இயந்திரத்தை வைத்திருக்கும் இவற்றையும் தாக்குகின்றன. இதிலே ஒரு விநோதமும் உண்டு. பூச்சிநாசினி இட்ட வயலில் நீலப்பச்சை அல்கா சில வேளை முன்னிலும் அடர்த்தியாக வளர்வதைக் காணலாம். மருந்து அல்காவுக்கு உரமானது என்று அர்த்தமில்லை. அல்காவை மேய்ந்து திரிந்த, கடுகளவு கூட இல்லாத ஓடுடைய நீர்ப்பூச்சிகளையும் நுளம்புக் குடம்பிகளையும் அந்த மருந்து கொன்றுவிட்டது, மேய்ச்சல் நின்றதும் புல் வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். மண்ணில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ, மருந்து அதைத்தான் தொட்டது என்று உடனே முடிவெடுக்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வாகரையிலும் மற்றக் கரையோர மணற் காணிகளிலும் கச்சானும் கௌபியும் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது பங்கசுநாசினியை. திராம், கப்டான் போன்றவற்றால் விதையைப் பூசினால், வேரில் முடிச்சிட்டு நைதரசன் கொடுக்கும் றைசோபியம் பற்றீரியா அந்த விதையில் ஒட்டியிருந்து பிழைப்பது கடினம். செம்புக் கலவைகளும் பற்றீரியாவைக் கொல்லும். செம்பு ஒரு மூலகமாதலால் அதை எந்தப் பற்றீரியாவும் சிதைக்கவும் முடியாது, அடித்தது அடித்தபடி மண்ணிலே சேரும்.

இனிச் சிதைவுக்கு வருகிறேன். "பற்றீரியா தின்றுவிடும்" என்ற வாக்கியத்தில் பிழை இருப்பது "தின்றுவிடும்" என்ற சொல்லில். ஒரு மருந்து மூலக்கூறில் எந்தப் பிணைப்பு முதலில் உடைகிறது, உடைந்த துண்டு என்னவாகிறது என்பதைப் பார்க்காமல் தின்றது என்று சொல்ல முடியாது. 2,4-டி, எம்சிபிஏ ஆகிய அகன்ற இலைக் களைநாசினிகளைச் சில பற்றீரியாக்கள் உண்மையிலேயே தின்கின்றன: பக்கச் சங்கிலியைக் கழற்றி, வளையத்தை உடைத்து, குளோரீனை நீக்கி, மிச்சத்தை காபனீரொட்சைட்டாகவும் தங்கள் உடலாகவும் மாற்றிக்கொள்கின்றன. நல்ல காற்றோட்டமுள்ள மண்ணில் 2,4-டியின் அரைவாழ்வுக் காலம், அதாவது இட்டதில் பாதி மறைய எடுக்கும் காலம், ஏறக்குறைய பத்து நாள் என்பது அதனால்தான். டிடிடியின் கதி நேர்மாறானது. 1946 இலிருந்து மலேரியாவுக்காக நம் வீட்டுச் சுவர்களிலெல்லாம் அடித்த அந்த மருந்தை, ஒட்சிசன் உள்ள மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் டிடிஈ என்ற நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடுகின்றன. டிடிஈ கொழுப்பிற் கரைந்து, பறவை முட்டையிலும் தாய்ப்பாலிலும் போய்ச் சேர்ந்து, பல்லாண்டு நிலைக்கிறது. டிடிடி அளவை மட்டும் சோதித்துப் பார்ப்பவருக்கு மருந்து சிதைந்துவிட்டது என்ற விடை கிடைக்கும். பிப்ரோனில் என்ற பூச்சிநாசினியும் அப்படித்தான்: மண்ணில் அது ஒட்சியேற்றமடைந்து ஆகும் சல்போன், பூச்சிக்குத் தாய்ப் பொருளுக்குக் குறையாத நஞ்சு.

புரோபனில் கதையை வயல் செய்பவர்கள் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நெல்லுக்குள் நின்று நெற்சப்பிக் களையைக் கொல்லும் அந்த மருந்து நெல்லைக் கொல்லாததற்குக் காரணம், நெல் இலையிலுள்ள ஒரு நொதியம் அதை நீர்ப்பகுப்புச் செய்து உடைத்துவிடுவதுதான். நெற்சப்பியில் அந்த நொதியம் போதியளவு இல்லை. காபமேற்று அல்லது ஓகனோபொசுபேற்றுப் பூச்சிநாசினி அந்த நொதியத்தை முடக்குவதால், இரண்டையும் ஒன்றாகக் கலந்தோ அடுத்தடுத்த நாட்களிலோ அடித்தால் நெல்லும் கருகும். மண்ணிலுள்ள பற்றீரியாவிடமும் இதையொத்த நொதியம் உண்டு, எனவே புரோபனில் சில நாட்களில் மறைந்துவிடுகிறது. மறைந்தது எங்கே போனது? இருகுளோரோஅனிலீன் என்ற துண்டாகிறது. அந்தத் துண்டு மண்ணின் சேதனப் பொருளோடு பிணைந்து நீண்டகாலம் கிடக்கும்; செறிவு கூடிய இடத்தில் நுண்ணங்கிகளின் நொதியங்களே இரண்டு துண்டுகளைச் சேர்த்து, தாயிலும் நிலையான, தாயிலும் கெட்ட ஒரு அசோ சேர்வையை ஆக்கவும் கூடும். உடைப்பது எப்போதும் தூய்மையாக்குவது ஆகாது என்பதைச் சொல்ல வேறு மருந்து தேடத் தேவையில்லை. இந்நாட்டில் 2014 இன் இறுதியில், சிறுநீரக நோய் பரவிய சில பகுதிகளில் பாவனை தடுக்கப்பட்ட மருந்துகளில் இதுவும் ஒன்று.

வயல் மண்ணைப் பற்றிப் பேசும்போது தண்ணீரை விட்டுப் பேச முடியாது. நவகிரிக் குளத்து நீரோ உன்னிச்சைக் குளத்து நீரோ பாய்ந்து இரண்டு வாரம் கட்டி நிற்கும் வரவையில் (வரம்பு கட்டிய வயல் துண்டில்) இறங்கி, நீருக்கடியில் விரலை நேராகச் செருகி மண்ணோடு பெயர்த்து எடுத்துப் பாருங்கள். மேலே சில மில்லிமீற்றர் மட்டும் செங்கபிலமாக இருக்கும். அதற்குக் கீழே சாம்பல் நீலம், இன்னும் கீழே கறுப்பு, மூக்கருகே கொண்டுபோனால் கூழ்முட்டை நாற்றம். நெல் வேரொன்றைப் பிடுங்கினால் அதைச் சுற்றித் துருப்பிடித்தாற்போல் ஒரு உறை தெரியும். அந்தத் துருதான் ஒட்சிசன் இருந்த இடத்தின் அடையாளம்: மேற்படைக்கு நீரிலிருந்து ஒட்சிசன் கிடைக்கிறது, வேரைச் சுற்றிய பகுதிக்கு நெல்லே தண்டினுள் உள்ள குழாய்கள் வழியாகக் காற்றை இறக்கிக் கொடுக்கிறது. மற்றெல்லா இடத்திலும் பற்றீரியாக்கள் ஒட்சிசன் தீர்ந்ததும் நைத்திரேற்றை, பின் மங்கனீசை, பின் இரும்பை, பின் சல்பேற்றைச் சுவாசிக்கின்றன; கடைசியில் ஆர்க்கியா என்ற வேறொரு நுண்ணுயிர்க் கூட்டம் மெதேன் வாயுவை ஆக்கும் நிலை வந்துவிடுகிறது. ஒரே வரவையில் விரல் நீளத்துக்குள் இரண்டு உலகம். குளோரீன் நிறைந்த பழைய மருந்துகளுக்கு கீழேயுள்ள காற்றில்லா உலகம்தான் ஏற்றது, ஏனெனில் அங்கேதான் குளோரீன் அணுக்கள் ஒவ்வொன்றாகக் கழற்றப்படுகின்றன. அவற்றில் ஒன்றான லிண்டேன் உலர் நிலத்தைவிட நீர் கட்டிய வயலில் விரைவாக மறைவது 1960 களிலேயே பிலிப்பைன்சில் காட்டப்பட்டது. வளையத்தை உடைத்து முடிப்பதற்கோ பெரும்பாலும் ஒட்சிசன் வேண்டும். ஆதலால் கட்டியும் வடித்தும் மாற்றி மாற்றி நீர் விடும் வயலில், ஒரு கூட்டம் தொடங்கிய வேலையை இன்னொரு கூட்டம் முடித்துவைக்க வழி கிடைக்கிறது. நீர் பாயும் வரம்பு வாயான வக்கடையைத் திறப்பதும் அடைப்பதும் நீர்ச் சிக்கனத்துக்கு மட்டுமான காரியம் இல்லை.

நெல் வயலுக்கு இந்த வரலாற்றில் ஒரு தனி இடமும் உண்டு. பிலிப்பைன்சின் லொஸ் பானோசிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், டயசினோன் என்ற பூச்சிநாசினி திரும்பத் திரும்ப இடப்பட்ட வயல்களில் அந்த மருந்து வரவரச் சீக்கிரமாகத் தீர்ந்துபோவதைக் கவனித்த சேதுநாதனும் யோசிடாவும், அந்த நீரிலிருந்து ஒரு பற்றீரியாவைப் பிரித்தெடுத்து 1973 இல் வெளியிட்டார்கள். அது டயசினோனோடு பரதயன் என்ற பூச்சிநாசினியையும் உடைத்தது. பரதயன் என்ற பொருள் ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்டது 1940 களில். அதற்கு முன் உலகில் எந்த மண்ணும் அதைக் கண்டதில்லை. முப்பது ஆண்டுக்குள் அதை உடைக்கும் நொதியம் ஒன்று வயல் நீரில் தயாராக நின்றது! பின்னர் அந்த நொதியத்துக்கான பரம்பரையலகைத் தேடியபோது, அது பற்றீரியாவின் பிரதான நிறமூர்த்தத்தில் இல்லாமல், பிளாஸ்மிட் எனப்படும் சிறிய வளைய டிஎன்ஏயில் இருந்தது. அமெரிக்காவில் கண்டெடுக்கப்பட்ட முற்றிலும் வேறொரு பற்றீரியாவின், முற்றிலும் வேறொரு பிளாஸ்மிட்டிலும் அதே பரம்பரையலகு எழுத்துக்கு எழுத்து இருந்தது. பிளாஸ்மிட் ஒரு பற்றீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது. அயல் வீட்டில் அம்மி இரவல் வாங்குவது போல, பற்றீரியாக்கள் இனம் பார்க்காமல் இதைக் கைமாற்றிக்கொள்கின்றன. 2,4-டியைத் தின்னும் திறமையும் அப்படிப்பட்ட ஒரு பிளாஸ்மிட்டில்தான் முதலில் நன்றாக விளங்கிக்கொள்ளப்பட்டது. அந்தப் பற்றீரியா கிடைத்தது அவுஸ்திரேலிய மண்ணில்.

இப்போது மூன்றாவது கேள்விக்கு விடை சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டோம். 1949 இல் ஓடஸ் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் குழாயில் அடைத்த மண்ணின் ஊடாக 2,4-டிக் கரைசலைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். முதலில் பல நாட்களுக்கு மருந்தின் அளவு அசையவில்லை, அதன் பிறகு மளமளவென்று இறங்கியது. அதே மண்ணுக்கு இரண்டாம் தடவை மருந்தைக் கொடுத்தபோது, அந்தக் காத்திருப்பே இல்லாமல் உடனடியாக மறையத் தொடங்கியது. மண் பழகிவிட்டது. தின்னத் தெரிந்த சில பற்றீரியாக்கள் பெருகி, தெரியாதவற்றுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டன என்று விரித்துச் சொல்லலாம். காபோபியுரானுக்கும் இதுவே நடந்தது. புது மண்ணில் அதன் அரைவாழ்வு ஒன்றிரண்டு மாதமாக இருக்கும்; போகத்துக்குப் போகம் அதையே இட்ட மண்ணில் அது சில நாட்களாகச் சுருங்கிவிடும். அமெரிக்காவின் சோள வயல்களில் வேர்ப்புழுவுக்கு அது கைகொடுக்காமற் போனபோது, கலப்படம், மழை, வண்டின் எதிர்ப்பு என்று பலதையும் சந்தேகித்த பிறகே மண் பற்றீரியாவின் பக்கம் பார்வை திரும்பியது. காபமேற்றுப் பிணைப்பை ஒரே வெட்டில் வெட்டும் நொதியத்தின் பரம்பரையலகும் பிளாஸ்மிட்டிலேயே அகப்பட்டது. ஆகவே, தம்பி, உங்கள் தகப்பனாரின் குறுணல் விடயத்தில் கடைக்காரரைக் குற்றம் சொல்வதற்கு முன், இருபது வருடம் அதே மருந்தை அதே வயலில் எறிந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் இந்த விளக்கத்தை எல்லா மருந்துக்கும் நீட்டக்கூடாது. மண்ணிலோ நீரிலோ இட்டு, அங்கே தங்கி, வேர் வழியாகப் பயிருக்குள் போய் வேலை செய்ய வேண்டிய குறுணலுக்குத்தான் மண்ணின் பழக்கம் எதிரி. இலையில் அடித்து இலையிலேயே வேலை முடிக்கும் மருந்து மண்ணுக்கு வருமுன் தன் காரியத்தைச் செய்திருக்க வேண்டும். அது தோற்றால், களையோ பூச்சியோ எதிர்ப்புப் பெற்றுவிட்டது, அல்லது அடித்த நேரமும் அளவும் பிழை, அல்லது போத்தலில் கோளாறு. சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல் வட்டைகளில் நெற்பயிரைக் குத்தி உறிஞ்சும் அறக்கொட்டிப் பூச்சி வந்து வயல் வட்டம் வட்டமாகக் காயும்போது, அடிக்க அடிக்கக் கூடுகிறதே என்று அலுத்துக்கொள்வார்கள். அங்கே நடப்பது, அறக்கொட்டியைப் பிடித்துத் தின்னும் சிலந்தி மருந்துக்குச் செத்து, அறக்கொட்டியின் முட்டை தப்பிப் பொரிப்பது. அதில் பற்றீரியாவுக்குப் பங்கில்லை.

பங்கு இருக்கும் ஒரு இடத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள், அது எனக்கு இன்றைக்கும் வியப்பளிப்பது. சோயாவைக் குத்தும் ஒரு மூட்டுப்பூச்சி, குஞ்சாக இருக்கும்போதே மண்ணிலிருந்து பேர்க்கோல்டேரியா என்ற பற்றீரியாவை விழுங்கித் தன் குடலில் குடிவைத்துக்கொள்கிறது. பெனித்ரோதயன் திரும்பத் திரும்ப இட்ட மண்ணில் அந்த மருந்தைத் தின்னும் பேர்க்கோல்டேரியா பெருகுகிறது. அந்த மண்ணில் வளர்ந்த பூச்சி அதையே விழுங்குகிறது. அதன் பிறகு அந்தப் பூச்சிக்கு பெனித்ரோதயன் முன்போல் ஏறுவதில்லை. 2012 இல் வெளிவந்த இந்த முடிவின்படி, பூச்சி தன் பரம்பரையில் எந்த மாற்றமுமில்லாமல், ஒரே தலைமுறைக்குள், மண்ணிலிருந்து எதிர்ப்பை இரவல் வாங்குகிறது.

எல்லா மண்ணும் எல்லா மருந்துக்கும் பழகிவிடும் என்றும் இல்லை. குளோரோபைரிபொஸ் நெடுங்காலம் இதற்குத் தப்பி நின்றதற்குக் கொடுக்கப்படும் விளக்கம் சுவையானது: அது உடையும்போது வெளிவரும், மூன்று குளோரீன் கொண்ட பிரிடினோல் துண்டு பற்றீரியாவுக்கே நஞ்சு. தின்ன வந்தவன் முதற் கவளத்தோடு வாயை மூடிக்கொள்கிறான். பின்னாளில் அதையும் தின்னும் பற்றீரியாக்கள் ஒன்றிரண்டாகக் கண்டுபிடிக்கப்பட்டன. கிளைபொசேற்றை எடுத்தால், அதன் காபன்–பொசுபரசுப் பிணைப்பை வெட்டி அதைப் பொசுபரசு உணவாகக் கொள்ளும் பற்றீரியாக்கள் உண்டு. ஆனால் களியிலும் இரும்பு ஒட்சைட்டிலும் இறுக ஒட்டிக்கொள்ளும் இயல்பால் அது அவற்றின் வாய்க்கு எட்டாமலும் கிடக்கிறது, ஆகவே சில நாள் என்றும் பல மாதம் என்றும் இரண்டு விதமான அரைவாழ்வுக் கணக்குகளும் அதற்கு உண்மையாகின்றன. 2015 இல் நாடு முழுவதும் தடுத்து, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விட்டு, 2022 இல் தடையை முழுதாக நீக்கிய காலம் முழுவதும் இந்த மருந்தைப் பற்றி நடந்த சண்டையில், மண்ணின் வகையை யாராவது பேசி நான் கேட்டது குறைவு.

மண்ணின் வகை என்றதும் எழுவான்கரையைச் சொல்லாமல் விட முடியாது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட அந்த ஒடுங்கிய மணற் பட்டியில், களுவாஞ்சிகுடியிலும் கல்லாற்றிலும் கத்தரியும் மிளகாயும் செய்யும் தோட்டத்தையும் குடிக்கும் கிணற்றையும் பிரிப்பது சில சமயம் ஒரு வேலி மட்டும். மணலில் சேதனப் பொருள் குறைவு, களி குறைவு, அதனால் மருந்தைப் பிடித்து வைக்க எதுவுமில்லை. பற்றீரியாத் தொகையும் படுவான்கரைக் களி வயலோடு ஒப்பிடக்கூடியதாக இல்லை. நீரிற் கரையும் மருந்து பற்றீரியாவின் கைக்கு எட்டுமுன் நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும், அங்கே இருளும் பட்டினியுமாகக் கிடக்கும் சொற்பப் பற்றீரியாக்களுக்கு அதை உடைக்கத் தெம்பு இராது. 1979 இல் நியூயோர்க்கின் லோங் ஐலண்ட் தீவில், உருளைக்கிழங்குத் தோட்டத்து மணலினூடாக அல்டிகார்ப் என்ற காபமேற்றுக் குறுணல் குடிநீர்க் கிணறுகளுக்கு இறங்கியிருந்தது தெரியவந்தது, மண் அமைப்பில் நம் கரையோரத்துக்கு வெகு தூரமில்லாத இடத்தில் நடந்த சம்பவம். கடைக்காரரின் வாக்கியத்தை வெல்லாவெளியில் பாதி ஒப்புக்கொள்வேன். கல்லாற்றில் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பெரும்போகத்தில் படுவான்கரைக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஒக்டோபர் இறுதியில் விதைத்து, களை முளைத்து இரண்டு மூன்று கிழமையில் எண்ணெய் அடிக்கும் நாட்கள்தான் வடகீழ்ப் பருவ மழை இறங்கும் நாட்களும். மாவட்டத்தின் வருட மழையில் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை கொட்டுகிறது. பற்றீரியாவுக்குப் பத்து நாள் தேவைப்படும் இடத்தில், இரண்டாம் நாளே வரம்பு மேவிப் பாய்ந்தால், மருந்து வாய்க்கால் வழியாக வாவிக்குப் போய்விடும். வாவி பெருகி, முகத்துவாரம் வெட்டப்பட்டால் கடலுக்கும் போகும். வானத்தைப் பார்த்து, இரண்டு நாள் மழை இல்லாத இடைவெளியில் அடித்து, அதன் பின் ஒரு கிழமையாவது வக்கடையைக் கட்டி நீரை வெளியே விடாமல் வைத்திருப்பது, பற்றீரியாவுக்கு அவகாசம் கொடுப்பதாகும். மானாவாரி வயலில் இது நினைத்தபடி நடக்காது என்பது எனக்கும் தெரியும்.

வயல் முழுவதிலும் அடிக்கும் மருந்தைவிட, தெளிகருவி கழுவும் இடம் எனக்குப் பெரிய கவலை. என் மாமனாரின் வயலுக்குப் போகும் வழியில் மதகுக்கருகே ஒரு கட்டு இருந்தது. எல்லோரும் அங்கேதான் கலக்குவார்கள், அங்கேதான் தாங்கியை அலசுவார்கள். அந்தக் கட்டைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்கு எந்தக் காலத்திலும் புல் முளைத்து நான் பார்க்கவில்லை. வயலில் ஒரு கிலோ மண்ணுக்கு மில்லிகிராம் கணக்கில் விழுவது அங்கே பல நூறு மடங்காக விழுகிறது. அந்தச் செறிவில் தின்னத் தெரிந்த பற்றீரியாவும் பிழைக்காது. சுவீடனில் 1990 களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு எளிய வழி கண்டார்கள். முழங்காலுக்கு மேல் ஆழமாக ஒரு குழி வெட்டி, அடியில் களி பூசி, வைக்கோல் இரண்டு பங்கு, சேதனப் பொருள் மிகுந்த முற்றா நிலக்கரி மண் ஒரு பங்கு, வயல் மேல்மண் ஒரு பங்கு கலந்து நிரப்பி, மேலே புல்லை வளரவிட்டு, அதன் மேல் வைத்தே கலப்பதும் கழுவுவதும். வைக்கோலில் வளரும் பங்கசு மரத்தின் கடின பாகத்தை உடைக்கும் நொதியங்களால் மருந்தையும் தாக்கும். மேல்மண் ஏற்கெனவே அந்த மருந்துக்குப் பழகிய பற்றீரியாக்களைக் கொண்டு வரும். சேதனப் பொருள் மருந்தை ஓடவிடாமல் பிடித்து வைக்கும். முற்றா நிலக்கரி மண்ணுக்கு இங்கே மக்கிய கூட்டெருவை வைத்துப் பார்க்கலாம். வைக்கோல் நமக்கு விலை கொடுத்து வாங்க வேண்டிய சாமான் இல்லை, சூடடித்த பின் எரிக்கிறோம். பழகிய மண் குறுணலுக்கு எதிரியாக நின்றது போலவே, இங்கே அதே பழக்கம் நமக்கு வேலைக்காரனாகிறது.

2021 இல் இரசாயனப் பசளையும் நாசினியும் ஒரே நாளில் நிறுத்தப்பட்டபோது, ஒரு போகம் மருந்தில்லாமல் விட்டால் மண் தானே உயிர்பெறும் என்று கூட்டங்களில் பேசினார்கள். வயல் மண் செத்திருக்கவில்லை என்பதை மேலே சொல்லிவிட்டேன். செத்திராத ஒன்று உயிர்பெறவும் தேவையில்லை. மருந்துக்குப் பழகிய பற்றீரியாவும் ஒரு போகத்தில் ஊரைவிட்டுப் போய்விடாது. மருந்து நின்றபின் அந்தத் திறமை மங்க ஆண்டுகள் எடுக்கும், ஒரு சிறு கூட்டம் பிளாஸ்மிட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும்.

உங்கள் மண் பழகியிருக்கிறதா என்று நீங்களே பார்க்க வேண்டுமானால், எம்சிபிஏயை வைத்து ஒரு சோதனை செய்யலாம், அதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. வருடா வருடம் எம்சிபிஏ அடித்த வரவையிலிருந்து நாலு தகர டப்பாவுக்கு மேல்மண் எடுங்கள். மருந்தே படாத ஒரு இடத்திலிருந்து, கோயில் வளவாக இருந்தால் நல்லது, அதே மாதிரியான களிமண்ணில் நாலு டப்பாவுக்கு எடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, இரண்டு வகையிலும் மூன்று டப்பாக்களுக்கு வயலுக்கு அடிக்கும் கலவையில் ஒரே அளவு விட்டு, ஒவ்வொன்றில் வெறும் தண்ணீர் விட்டு, ஈரம் காயாமல் நிழலில் வைத்திருங்கள். ஐந்தாம் நாள், பத்தாம் நாள், இருபதாம் நாள் என்று ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மருந்து டப்பாவில் ஐந்து வெள்ளரி விதை போடுங்கள். தண்ணீர் டப்பாவில் முதல் நாளே போட்டு, விதை நல்ல விதைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளரி இந்த மருந்தைச் சிறிதும் தாங்காது: இருந்தால் தண்டு முறுகி, வேர் கட்டையாகத் தடித்துக் காட்டிவிடும். வயல் மண்ணில் வெள்ளரி பத்தாம் நாளிலேயே நேராக முளைத்து, கோயில் மண்ணில் இருபதாம் நாளும் முறுகி நின்றால், உங்கள் வரவையில் யார் குடியிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். முடிந்ததும் அந்த மண்ணை வாய்க்காலில் கொட்டாமல் வைக்கோல் குழியில் போடுங்கள்.